அறியாத கனியும் அறிந்து உண்ணலும்

இல்லறத்தார்க்கு நம் முன்னோர் வகுத்த உணவு நெறிகளுள் மிகச் சிறியதாகத் தோன்றும் நெறி ஒன்று உண்டு. அறியாத கனியை உண்ணலாகாது என்பதே அது. காட்டுவழியே கால்நடையாகச் சென்ற காலத்திற்கு அந்நெறி பொருந்தும். கடையில் விலை கொடுத்து வாங்கும் இக்காலத்திற்கு அது எதற்கு என்று இளைஞர் சிலர் வினவுவர். யாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். கடல் கடந்து சென்று மகள் இல்லத்தில் ஆறு திங்கள் தங்கிய பின்னரே அதன் பொருள் எமக்கு விளங்கிற்று. நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று அயல்நாடுகளில் வாழ்கின்றனர். பெற்றோரும் சென்று தங்கி வருகின்றனர். ஆதலின் யாம் கண்டதையும் நூல்கள் கூறுவதையும் இணைத்து இப்பாடத்தை எழுதத் துணிந்தோம்.

பாலசமுத்திரத்தில் கற்ற முதற்பாடம்

யாம் பிறந்தது வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில். பணியின் பொருட்டுப் பழனிக்குத் தெற்கே மலையடிவாரத்தில் உள்ள பாலசமுத்திரத்தில் குடியேறினோம்; ஓய்வு பெற்ற பின்னும் அங்கேயே தங்கிவிட்டோம். நம்மவர் இல்லங்கள் அப்பகுதியில் அரிது. எனினும் அம்மண் நம் அறத்திற்குப் புதிதன்று. பழனிக்கு மேற்கே ஐவர்மலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள கல்வெட்டு ஒன்று சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர், பார்சுவநாதர் திருவுருவையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, வழிபாட்டு அமுதுக்கும் அடிகள் ஒருவரின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்த செய்தியை அது கூறுகிறது. துறவி ஒருவர் உண்ணும் சோறு கல்லில் பொறித்து வைக்கத்தக்க பொருளாக இருந்த நாடு அது.

அங்குக் குடியேறிய புதிதில் எம் இல்லத்தரசியார்க்குச் சந்தையில் பாதிப் பழங்கள் பெயர் தெரியாதவை. மா, பலா, வாழை, நாவல் என்று பழகிய கண்களுக்கு, கீழ்ப்பழனி மலையிலிருந்து இறங்கும் வெண்ணெய்ப்பழமும், கொடைக்கானலிலிருந்து வரும் பிளம்ஸ், மரத்தக்காளி, தாட்பூட் பழம் ஆகியனவும் வியப்பளித்தன. தயங்கி நின்றவரைப் பழம் விற்ற மூதாட்டி ஒருவர் அழைத்தார். "இது பட்டர் ஃப்ரூட்டு, கண்ணு. மலையில காப்பித் தோட்டத்துக்குள்ள நிக்கிற மரம். லேசா அமுக்குனா அமுங்கணும், அப்பத்தான் பழுத்திருக்கு" என்று கூறிக்கொண்டே கத்தியால் இரண்டாகப் பிளந்து, நடுவிலிருந்த ஒற்றைக் கொட்டையை எடுத்துக் காட்டினார்.

எந்த மரத்தின் கனி, எங்கே விளைந்தது, உள்ளே எவ்வாறு இருக்கிறது, எந்நிலையில் உண்ணத்தக்கது ஆகிய நான்கும் அவ்விரண்டு நொடிகளில் எமக்குத் தெரிந்துவிட்டன. நூல் எதனையும் கல்லாத அம்மூதாட்டி, அறியாத கனியை அறிந்த கனியாக ஆக்கிக் கொடுத்தார். அன்று அதன் அருமையை யாம் உணரவில்லை.

அயல்நாட்டுக் கடையில்

பல ஆண்டுகள் கழிந்து, அமெரிக்க நாட்டின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வாழும் எம் மகள் இல்லத்திற்குச் சென்றோம். சென்ற வாரமே பெரிய மளிகைக் கடை ஒன்றிற்கு அழைத்துச் சென்றனர். பழங்களுக்கென்றே ஒரு தனிப் பகுதி. நம் ஊர்ச் சந்தையில் பாதி அளவு இருக்கும். குவியல் குவியலாகப் பழங்கள் இருந்தன; அவற்றைப் பற்றிக் கேட்க ஒருவரும் இல்லை. பிளந்து காட்டுவார் இல்லை. முகர்ந்து பார்க்கவும் மணமில்லை. எம் இல்லத்தரசியார் ஒரு பழத்தைக் கையிலெடுத்து, "இது சப்போட்டாதானே?" என்றார். அது கிவிப்பழம். தக்காளி என்று அவர் எண்ணியது பெர்சிமன். கறுத்துச் சொரசொரத்திருந்த ஒன்றை அழுகியது என்று ஒதுக்கினார்; அது வெண்ணெய்ப்பழத்தின் ஹாஸ் என்னும் வகை. எம் மலையில் விளையும் கனியையே வேறு தோலில் கண்டபோது எம்மால் அறிய இயலவில்லை.

அன்றிலிருந்து அவர் வாழைப்பழத்தையும் ஆப்பிளையும் தவிர வேறு பழத்தைத் தொடவில்லை. "தெரியாத பழம் வேண்டாம்" என்பார். மகள் வருந்தினாள். மூன்று வாரம் இவ்வாறு கழிந்தபோது, ஒன்பது வயதுப் பேரன் ஒரு வழி கண்டான். பழங்களின்மேல் ஒட்டியுள்ள சிறு வில்லைகளைச் சேர்க்கும் வழக்கம் அவனுக்கு உண்டு. அவ்வில்லையில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். அது கனியின் இனத்தைக் குறிப்பது. மஞ்சள் வாழைப்பழத்திற்கு 4011. முன்னே 9 சேர்ந்து ஐந்து இலக்கமானால், அது இயற்கை வேளாண்மையில் விளைந்தது என்பது பொருள். எண்ணோடு பெயரும் விளைந்த நாடும் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். பாட்டியும் பேரனும் ஒரு குறிப்பேடு தொடங்கினர். வில்லையை ஒட்டி, பெயரை எழுதி, அதனைப் பற்றி நூலகத்தில் தேடிப் படித்து, வீட்டில் ஒரு கனியை நான்காகப் பிளந்து பார்த்த பின்னரே உண்பது என்பது அவர்கள் ஏற்ற முறை.

அக்குறிப்பேட்டில் முதலில் இடம்பெற்றது கிவி. சீன நாட்டைத் தாயகமாகக் கொண்ட இக்கொடியின் விதைகள் 1904இல் நியூசிலாந்து சென்றன. சீன நெல்லி என்ற பொருள்படும் பெயரால் விற்கப்பட்ட கனிக்கு, அந்நாட்டுப் பறவையின் பெயரை 1959இல் வணிகர் சூட்டினர். அடுத்தது பெர்சிமன். அது நம் நாட்டுக் கருங்காலி மரத்தின் இனம் என்பதை அறிந்தபோது, "அப்படியானால் நம் உறவினர்தான்" என்றார் பாட்டி. மூன்றாவது டிராகன் பழம். கள்ளிச் செடியில் காய்ப்பது அது. திண்டுக்கல் கரட்டு நிலங்களில் வேலியோரம் நிற்கும் சப்பாத்திக்கள்ளியின் சிவந்த பழத்தை அறிந்தவர்க்கு அதில் புதுமை இல்லை.

நூல்கள் வகுத்த நெறி

இவ்விடத்தில் நூல்கள் கூறுவதைக் காண்போம். கி.பி. 13ஆம் நூற்றாண்டில் மாளவத்தில் வாழ்ந்த பண்டிதர் ஆசாதரர் தாமும் ஓர் இல்லறத்தார். அவர் இயற்றிய சாகார தர்மாமிர்தம் இல்லறத்தார் ஒழுக்கத்தை விரிப்பது. ஐவகை உதும்பரக் கனிகளைத் துறந்தவன் அறியாத கனி எதனையும் உண்ணலாகாது. கத்தரி முதலியவற்றைப் பிளந்து பாராமல் உண்ணலாகாது. அவரை போன்ற காய்களையும் திறந்து பாராமல் உண்ணலாகாது என்பது அவர் கருத்து. ஆகவே இந்நெறியின் உட்பொருள் இரண்டு: வினவி அறிதல், பிளந்து பார்த்தல்.

சுவேதாம்பர மரபில் வழங்கும் வங்கசூலன் கதையும் இதனை விளக்குவது. கள்வர் தலைவனாகிய வங்கசூலன், மழைக்காலத்தில் தன் ஊரில் தங்கிய முனிவர் விடைபெற்றபோது நான்கு சிறு நோன்புகளை ஏற்றான். பெயர் அறியாத கனியை உண்ணாமை அவற்றுள் ஒன்று. பின்னர்க் காட்டில் பசியால் வாடியபோது, அவனுடைய கூட்டத்தார் அழகிய கனிகளைப் பறித்து வந்தனர். "இதன் பெயர் என்ன?" என்று அவன் கேட்டான். ஒருவர்க்கும் தெரியவில்லை. அவன் உண்ணவில்லை, உண்டவர் மாண்டனர். அது கிம்பாகம் என்னும் நச்சுக்கனி. அவன் உயிரைக் காத்தது அவன் கேட்ட ஒரு கேள்வி என்பதை நோக்குக.

இனி, உண்ணத்தகாதவற்றை நம் ஆசிரியர்கள் ஐவகையாகப் பிரிப்பர். இயங்கும் உயிர்களுக்குக் கேடு விளைப்பது திரசகாதம். சிறு பயனுக்காக எண்ணிறந்த நிலையுயிர்களை அழிப்பது பகுகாதம். கிழங்கினங்கள் இதில் அடங்கும். மயக்கம் தருவது பிரமாதம். உண்பவரின் உடலுக்கு ஒவ்வாதது அநிட்டம். சான்றோர் வழக்கில் ஏற்கப்படாதது அநுபசேவியம். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் பொருளைத் தமிழில் தரும் அருங்கலச்செப்பும் நம் இல்லங்களில் பயிலப்படுபவை. அந்நூற்பயிற்சி உடையார்க்கு இப்பகுப்பின் அடிப்படை எளிதில் விளங்கும். கடையில் காணும் கனியை இவ்வைந்து கேள்விகளால் உரைத்துப் பார்க்கலாம்.

உடலுக்கு ஒவ்வாதது

இவ்வைந்தனுள் நாம் பெரிதும் மறப்பது அநிட்டம். பிற உயிர்க்குக் கேடில்லை எனினும், தன் உடலுக்குக் கேடு எனில் அதுவும் விலக்கத்தக்கதே. எம் இல்லத்தில் நிகழ்ந்தது இது.

பம்பளிமாஸ் போன்று தோன்றிய ஒரு பழத்தை எம் இல்லத்தரசியார் ஒரு நாள் விரும்பி எடுத்தார். கிரேப்ஃப்ரூட் என்பது அதன் பெயர். கொடிமுந்திரிக் கொத்துப்போல் மரத்தில் கொத்தாகக் காய்ப்பதால் அப்பெயர் அமைந்தது என்பர். பம்பளிமாசும் ஆரஞ்சும் கலந்து 18ஆம் நூற்றாண்டில் பார்படோஸ் தீவில் தோன்றிய இனம் அது. வழக்கம்போல் பேரன் வில்லையை ஒட்டிப் பெயரெழுதித் தேடினான். சில மருந்துகளை உட்கொள்வோர் இப்பழத்தை உண்ணலாகாது என்று ஒரு வரி அவன் கண்ணில் பட்டது. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் மாத்திரையைப் பாட்டி நாள்தோறும் உட்கொள்பவர். மருந்துக் கடைக்குச் சென்று மருந்தாளுநரிடம் மாத்திரை அட்டையைக் காட்டி வினவினோம். அவர் அட்டையைப் படித்துவிட்டு, இப்பழமும் அம்மருந்தும் சேரவே கூடாது என்று உறுதியாகக் கூறினார்.

குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. இப்பழத்திலுள்ள பொருள்கள் அந்நொதியைச் செயலிழக்கச் செய்கின்றன. அதனால் ஒரு மாத்திரை உட்கொண்டவர் இரத்தத்தில் பல மாத்திரைகளின் அளவு சேர்ந்துவிடக்கூடும். தசைகளும் சிறுநீரகமும் பழுதுபடலாம். பழத்தைக் காலையிலும் மருந்தை இரவிலும் கொள்வதால் தப்ப இயலாது. அதன் விளைவு ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும். இவ்வுண்மை 1989இல் கனடா நாட்டில், ஃபெலோடிபின் என்னும் இரத்த அழுத்த மருந்தைச் சோதித்தபோது தற்செயலாக வெளிப்பட்டது. பம்பளிமாஸ் பழத்திலும் இத்தகைய பொருள்கள் இருப்பதால் நம் ஊரில் உள்ளோரும் மருத்துவரைக் கேட்டறிதல் நலம்.

நட்சத்திரப் பழமும் இத்தகையதே. நலமுடையார்க்கு அது கனி. சிறுநீரகம் பழுதுற்றார்க்கு நஞ்சு. அதிலுள்ள கேரம்பாக்சின் என்னும் பொருள் மூளையைத் தாக்கி விக்கல், மனக்குழப்பம், வலிப்பு ஆகியவற்றை உண்டாக்கும். ஜமைக்கா நாட்டின் தேசியப் பழமாகிய அக்கி, மரத்திலேயே தானாக வெடித்துத் திறந்த பின் உண்ணத்தக்கது; அதற்கு முன் பறித்தால் உயிர்க்கு இறுதி. பசித்தவன் கேட்க வேண்டிய கேள்வியை வங்கசூலன் காட்டில் கேட்டான். நாம் கடையில் கேட்க வேண்டும். வேறுபாடு அவ்வளவே.

அத்தியின் அழகிய வடிவம்

அங்கே கண்ணாடிப் பெட்டியில் பட்டுப்போன்று வைத்திருந்த சீமையத்தியைப் பேரன் விரும்பினான். உதும்பரக் கனிகள் ஐந்தும் நம் நோன்பில் விலக்கப்பட்டவை. ஆல், அரசு, இத்தி, இருவகை அத்தி என்று அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் எண்ணுகிறார். இவையெல்லாம் ஓரினம், பூக்கள் கனிக்கு உள்ளேயே மலர்பவை, சிறு குளவிகள் உட்புகுந்து மகரந்தம் சேர்ப்பவை. அவற்றுள் சில உள்ளேயே மடிகின்றன. உதும்பரக் கனிகள் இயங்கும் உயிர்களின் பிறப்பிடம் என்று ஆசாரியர் உரைத்ததை இன்றைய உயிரியலும் காட்டுகிறது.

பேரன் விடவில்லை. கடைக்கு வரும் சீமையத்தி வகைகள் பல குளவியின்றியே கனிகின்றன என்று படித்து வந்தான். அவன் கூறியது உண்மை. ஸ்மிர்னா போன்ற வகைகளுக்கே குளவி வேண்டும். அதற்கெனவே 1899இல் கலிபோர்னியாவில் குளவியை வளர்த்துப் பரப்பினர். பிற வகைகளுக்கு அது வேண்டுவதில்லை. அவ்வாறெனில் உண்ணலாமா? உலர்ந்து உயிர்கள் நீங்கிய உதும்பரக் கனியை உண்பதிலும் மிகுந்த பற்று என்னும் வடிவில் கொலைக்குற்றம் உண்டு என்று அமிர்தசந்திரரே விடை பகர்ந்துள்ளார். ஏற்ற நோன்பின் எல்லையில் ஓட்டை தேடும் மனமே அப்பற்று. பேரன் சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, குறிப்பேட்டில் சீமையத்தியின் வில்லையை ஒட்டி, எதிரே 'வேண்டாம்' என்று தானே எழுதினான். அறிந்தபின் விலக்கியமையால் அவனுக்கு அதில் வருத்தமில்லை.

பல விதைக் கனி பற்றிய ஐயமும் எழுந்தது. அவ்விதியைக் கொய்யா வரை நீட்டி விலக்கும் இல்லங்களும் உள்ளன. கொய்யாவை ஏற்கும் இல்லங்களும் உள்ளன. எதுவாயினும் அளவுகோல் ஒன்றாக இருத்தல் வேண்டும். கொய்யாவை விலக்குவோர் கிவியையும் டிராகன் பழத்தையும் விலக்குவதே முறை. கொய்யாவை உண்போர் அவற்றை அயல்நாட்டுக் கனி என்பதற்காக மட்டும் வெறுக்க வேண்டுவதில்லை. குழிந்த சிறு மணிகளாலான ராஸ்பெர்ரி போன்றவற்றைப் பிளந்து ஆய்வது அரிது. அவற்றில் எச்சரிக்கை வேண்டும். கிறித்துமஸ் காலத்துப் பழக்கேக்குகளில் உலர்பழங்களை மதுவில் ஊறவைக்கும் வழக்கம் உண்டு, கேட்டறியாமல் வாங்கலாகாது.

அறிந்த கனியில் அறியாதது

பாட்டி ஐயமின்றி உண்டுவந்த ஆப்பிளுக்கு வருவோம். ஒரு நாள் கடையில் பழ அடுக்கின் ஓரத்தில் இருந்த சிறிய அறிவிப்பைப் பேரன் உரக்கப் படித்தான். பழங்கள் வாடாமல் பளபளப்பதற்காக மெழுகு பூசப்பட்டவை என்றும், அது தாவர மெழுகு, கனிம எண்ணெய் மெழுகு, தேன்மெழுகு, அரக்கு ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ ஆகலாம் என்றும் அதில் இருந்தது. அந்நாட்டு விதிப்படி வைக்க வேண்டிய அறிவிப்பு அது. அரக்கு என்பது சிறு பூச்சிகள் சுரப்பது; கிளையிலிருந்து அதனைச் சுரண்டும்போது எண்ணற்ற பூச்சிகள் மடிகின்றன. தேனையே துறந்தவர் தேன்மெழுகை எவ்வாறு ஏற்பது?

பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "தெரியாததுன்னு ஒதுக்கினேன், அதெல்லாம் பரவாயில்லையாம். தெரியும்னு தின்னேன், அதுதான் தெரியாததா இருந்திருக்கு" என்று நகைத்தார். அன்றுமுதல் ஆப்பிளைத் தோல் சீவியே உண்டார். இலையுதிர் காலத்தில் அருகிலிருந்த தோட்டத்திற்குச் சென்று, மெழுகு பூசாத பழங்களை உழவரிடம் கேட்டறிந்து வாங்கினோம்.

இப்பாடத்தின் முடிவு இதுவே. அறியாத கனியை உண்ணற்க என்னும் நெறி, புதியதை அஞ்சி ஒதுங்கச் சொல்வதன்று. அவ்வாறாயின் நம் முன்னோர் எதனையும் ஏற்றிருக்க மாட்டார்கள். பழனியை அடுத்த ஆயக்குடி கொய்யாவுக்குப் பெயர் பெற்றது. அக்கொய்யாவின் தாயகம் அமெரிக்கக் கண்டம். பப்பாளி, சப்போட்டா, சீத்தாப்பழம், அன்னாசி ஆகியனவும் அங்கிருந்து வந்தனவே. அன்னாசி என்ற சொல்லும் போர்த்துக்கீசியர் வழி வந்தது. அவற்றை முதன்முதலில் கண்ட நம் பாட்டியரும் தயங்கி நின்றிருப்பர், வினவியிருப்பர், பிளந்து பார்த்திருப்பர், பின்னரே குழந்தைக்கு ஊட்டியிருப்பர். அறிந்து ஏற்றலும் அறிந்து விலக்கலும் அறம். அறியாமல் உண்ணலும் அறியாமல் வெறுத்தலும் ஒரே சோம்பலின் இரு முகங்கள்.

இன்று திண்டுக்கல், பழனிக் கடைகளிலும் கிவியும் டிராகன் பழமும் வந்துவிட்டன. ஆகவே இப்பாடம் அயல்நாட்டில் வாழ்வோர்க்கு மட்டும் உரியதன்று.

இல்லத்தில் பயிற்சி

1. சென்ற மாதத்தில் உங்கள் இல்லத்திற்கு வந்த புதிய கனி அல்லது காய் யாது? அது எத்தாவரத்தில், எந்நாட்டில் விளைவது?

2. உணவில் விலக்கத்தக்க ஐவகையையும் கூறி, ஒவ்வொன்றிற்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

3. இல்லத்து முதியோர் நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களைக் குழந்தைகள் எழுதி வைத்து, அவற்றோடு சேராத உணவுகள் எவை என்று மருத்துவரிடம் கேட்டறிந்து எதிரே குறிக்கவும்.

4. உலர்ந்த உதும்பரக் கனியையும் ஆசாரியர் ஏன் விலக்கினார்? உங்கள் சொற்களில் எழுதுக.

யாம் ஊர் திரும்பிய பின்னும் பேரன் வில்லைகளை மடலில் வைத்து அனுப்புவதை நிறுத்தவில்லை. பாட்டி இங்கே தனியாக ஒரு குறிப்பேடு வைத்துள்ளார். அதன் முதற்பக்கத்தில் ஒட்டுவதற்கு வில்லை எதுவும் கிடைக்கவில்லை. 'ஆயக்குடிக் கொய்யா' என்று கையால் எழுதி, கீழே தாயகம் அமெரிக்கா என்று குறித்திருக்கிறார்.